ஊசிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டோம்

லீலா அக்காவுக்கு முப்பத்தைந்து வயது வரைக்கும் நாய் என்றாலே பயம். புனே ஏர்போர்ட் பக்கம் லோஹேகாவில் இன்று அவர் வீட்டுக் கேட்டைத் தொட்டதும் பதினாறு நாய்கள் சேர்ந்து குரைப்பதைக் கேட்டவர்கள் இதை நம்பமாட்டார்கள். நாங்களும் நம்பவில்லை. எங்கள் வீட்டுப் பூனையை இரண்டு முறை அவரிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறோம். திரும்பக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசுவார். அப்படிக் கேட்டதுதான் இதெல்லாம்.

புனேயிலேயே கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்தவர் அவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே ஃபிட்டராக இருந்தார். குவார்ட்டர்ஸுக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கோயிலுக்கும் நடுவில் ஒரு மைதானம். அதில் எப்போதும் நாலைந்து தெருநாய்கள் படுத்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஐந்து நிமிடத்தில் கோயிலுக்குப் போய்விடுவார்கள். லீலா மட்டும் ரயில்வே லைன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் நடந்து, முதல் பாட்டு முடிந்த பிறகு வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைவாராம். படிப்பு எட்டாவது வரை, மராத்தியில். தமிழ் எழுத்தை வீட்டில் வேதம் வாசித்துத்தான் பழகினார். இன்றைக்கும் அவர் எழுதுகிற தமிழில் பிரசங்க வாடை அடிக்கும். ஒரு லாப்ரடார் பற்றி நோட்டில் 'இது சாந்தகுணமுள்ளது, ஆனாலும் போஜனப்பிரியமானது' என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

இருபத்தொரு வயதில் ஜெபகுமாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் விமானப்படையில் மெக்கானிக். ஜோத்பூர், பரேலி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் லோஹேகாவுக்கு மாற்றலாகி வந்தார்கள். 1981 மழைக்காலத்தில் ஜெபகுமாருக்கு மஞ்சள்காமாலை கண்டது. பதினோரு நாளில் போய்விட்டார். மகள் சுஷ்மாவுக்கு அப்போது ஐந்து வயது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, விமானப்படை மதிலுக்கு வெளியே ஒரு மராத்திக் குடும்பத்தின் இரண்டு அறை வீட்டுக்கு வாடகைக்கு வந்தார் லீலா அக்கா. வீட்டுக்குப் பின்னால் பெரிய காலி முற்றம், ஒரு வேப்பமரம். தலைக்கு மேலே விமானங்கள். கொஞ்சம் பென்ஷன் வந்தது. மீதிக்கு ஆபீசர் வீட்டு அம்மாக்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்தார்.

அந்த அம்மாக்களில் ஒருவர் கில் மேடம். கணவருக்கு அசாமுக்கு மாற்றல் வந்து அவர் முதலிலேயே போய்விட்டார். அதே வாரம் லூதியானாவில் மேடத்தின் அப்பா படுத்த படுக்கையானார். வீட்டில் இருந்தது சுல்தான் என்கிற அல்சேஷன் நாய். கன்றுக்குட்டி உயரம். யாரிடம் கேட்டும் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. பிளவுஸ் வாங்க வந்தவர் லீலா அக்காவின் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"ஒரு மாசம் மட்டும், லீலா."

"மேடம், எனக்கு நாய்னா உயிரே போயிரும்."

"வேற யாரும் இல்ல லீலா."

சரி என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அவரு செத்த பிறகு என் முன்னால யாருமே அழுதது கிடையாது. எல்லாரும் நான் அழுதுருவேனோன்னு பயந்து பயந்து பேசுவாங்க. அந்தம்மா என்னை ஒரு மனுஷியா நினைச்சு அழுதா. எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?" என்றார்.

முதல் நாலு நாள் சோற்றுத் தட்டைத் துடைப்பக்கட்டையால் தள்ளித்தான் வைத்தார். ஏழு வயது சுஷ்மா போய் சுல்தான் மேல் சாய்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். லீலா அக்காவுக்கு விடியற்காலை கட்டில் ஓரம் முழங்கால் போட்டு ஜெபிக்கிற வழக்கம் உண்டு. ஐந்தாம் நாள் சங்கிலி எப்படியோ அவிழ்ந்துவிட்டது. ஜெபத்தின் நடுவில் பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

"கண்ணைத் திறந்திருந்தா எந்திச்சு ஓடியிருப்பேன். திறக்கல. எல்லாருடைய பேரையும் சொல்லி, தெரியாதவங்க பேரையும் சொல்லி, ஜெபத்தை நீட்டிக்கிட்டே போனேன். ஆமென் சொல்லுற வரைக்கும் அதுவும் அசையல. கண்ணைத் திறந்து பாத்தா பக்கத்துல படுத்திருக்கு."

பயம் அன்று பாதி போனது. ஒரு மாதம் கழித்து கில் மேடம் வந்து சுல்தானைக் கூட்டிப் போனபோது மீதியும் போயிருந்தது. அந்த இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது, மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

கில் மேடம் போகுமுன் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். விமானப்படைக் குடும்பங்களுக்கு மாற்றல், லீவு, பயிற்சி என்று எப்போதும் பெட்டி கட்டுகிற வாழ்க்கைதான். ஒரு வருடத்துக்குள் முற்றத்தில் எப்போதும் மூன்று நாய்கள் இருந்தன. தையல் மெஷின் மூலைக்குப் போனது.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது, நாய் வளர்ப்பு பற்றி. சுஷ்மாவின் பள்ளிக்கூட டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் அரைப் பக்கம் என்று இரண்டு வருடத்தில் படித்து முடித்தார். புத்தகத்தில் இல்லாததை நாய்களிடமே கற்றார். காதுக்குள் மோந்து பார்த்தால் புண் வருவது முன்கூட்டியே தெரியும். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வெங்காயம் ஆகாது, திராட்சை ஆகாது. எல்லாம் நோட்டில் ஏறியது. விஷ்ராந்த்வாடியில் பெண்ட்சே என்று ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். முதலில் இவரைக் கண்டாலே எரிந்து விழுவார். "டாக்டர் நானா, நீங்களா?" என்பார். ஒருமுறை, வாசலில் கட்டியிருந்த வேறு யாருடைய நாயையோ தாண்டிப் போன லீலா அக்கா, "அதோட ஈறைப் பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் பார்த்தார், வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு எரிந்து விழவில்லை.

வீட்டுக்கு பெத்தேல் என்று பெயர் வைத்தார். கடவுளின் வீடு என்று அர்த்தம். போர்டு எழுத வந்த பெயின்டருக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. 'பெத்தேல் பெட் ஹோம்' என்று எழுதச் சொன்னதை 'பெத்தேல் பெட் ஹோட்டல்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். சில மாதங்களுக்கு லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு டீ கேட்டு வந்தார்கள். பால் இருந்தால் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தவறு செய்யாதவர் இல்லை. மூன்று வருடம் பாமரேனியன் குட்டிகளை வளர்த்து விற்றார். நல்ல கிராக்கி. ஒரு தாய் நாய் நாலாவது ஈற்றுக்குப் பிறகு எழுந்து நிற்க முடியாமல் இவர் கையை நக்கியது. "அது என்னை மன்னிச்சிருச்சு. எனக்குத்தான் என்னை மன்னிக்க ஆகல." அத்தோடு குட்டி விற்பதை விட்டுவிட்டார். அந்தத் தாய் நாயைச் சாகும்வரை வைத்துக்கொண்டார்.

நாய்களுக்காகத் தினமும் பெயர் சொல்லி ஜெபிப்பார். ஒரு வருடம் கோயிலில் ஆராதனைக்கு நடுவே சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து, கழிச்சல் நோயிலிருந்து ஆறு குட்டிகள் பிழைத்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னார். பின்வரிசையில் சிரித்தார்கள். வெளியே வந்ததும் சபை மூப்பர் ஒருவர், "லீலா, ஆண்டவருக்கு மனுஷங்க பாடே பெரும் பாடா இருக்கு. அவரை நாய்க்கெல்லாம் தொந்தரவு பண்ணலாமா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது. அதற்குப் பிறகு வீட்டில் வாய்விட்டு ஜெபிக்கும்போதுகூட நாய்களின் பெயர் வருமிடத்தில் குரல் தானாகத் தணிந்துவிடுமாம்.

இப்படி இருக்கும்போதுதான் 1991 பிப்ரவரியில் அந்தப் பத்து நாள் வந்தது.

டில்லிக்குக் கல்யாணத்துக்குப் போன ஒரு குடும்பம் பிங்கோ என்கிற கலப்பின நாயை விட்டுவிட்டுப் போயிருந்தது. கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. வெறிநாய்க் கடிக்கான தடுப்பூசி போட்ட சீட்டைக் கேட்டதற்கு, "எல்லாம் போட்டாச்சு, சீட்டு பெட்டிக்குள்ள அடியில இருக்கு" என்றார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. லீலா அக்கா நம்பினார்.

பக்கத்து வீட்டில் மாடசாமி, ரமா தம்பதி. இவர்களும் திருநெல்வேலிக்காரர்கள்தான். மாடசாமி விமானப்படை நிலையத்தில் எலெக்ட்ரீஷியன். ஒரே மகள் காவ்யா, ஆறு வயது. மூன்றாம் நாள் மத்தியானம் கேட் கம்பிக்குள் கையை விட்டு பிங்கோவுக்கு பிஸ்கட் கொடுத்தாள். பிங்கோ கையைக் கவ்விவிட்டது.

அலறல் கேட்டு ஓடி வந்த லீலா அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்தார். பிள்ளை கத்தியது, ரமா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இவர் விடவில்லை. அட்டை கிழிந்த புத்தகத்தில் படித்தது அது. கழுவி முடிக்கும்போது மாடசாமி இரும்புக் கம்பியோடு வந்து நின்றார். பின்னால் நாலைந்து பேர்.

"அக்கா, விலகுங்க. அதை அடிச்சுக் கொன்னுட்டுத்தான் மறுவேலை."

லீலா அக்கா கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். ஈரக் கையில் பிள்ளையின் ரத்தம் இன்னும் இருந்தது.

"மாடசாமி, நான் சொல்லுததை ஒரு நிமிஷம் கேளு. ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சுரணும், அது வேற. ஆனா நாய்க்கு வெறி இருந்தா பத்து நாளைக்குள்ள செத்துரும். பத்து நாள் தாண்டி உயிரோட நல்லா இருந்துச்சுன்னா உன் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. இப்ப கொன்னுட்டேன்னா அது உனக்குத் தெரியாமலே போயிரும். காவ்யாவுக்கு ஒரு தலைவலி வந்தாலும் நீயும் ரமாவும் நடுங்கிக்கிட்டு இருக்கணும்."

"உங்க நாயைக் காப்பாத்த கதை சொல்லுதீங்க."

"நாயைக் கட்டிப்போட்டு நான் பாத்துக்கிடுதேன். ரமா தினமும் வந்து அவ கண்ணால பாக்கட்டும். பத்து நாளைக்குப் பிறகு உனக்கு இஷ்டப்பட்டதைச் செய். நான் தடுக்கமாட்டேன்."

மாடசாமி கம்பியைக் கீழே போடவில்லை. ஆனால் மனைவியைப் பார்த்தார். ரமா, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். போனார்கள். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி, தினம் ஒன்று. அரசு ஆஸ்பத்திரி டாக்டரும் அதையே சொன்னார்: நாய் உயிரோடு இருக்கிறதா, பத்து நாள் பாருங்கள், நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திக்கொள்ளலாம்.

பின்கட்டில் கம்பிக் கதவு போட்ட அறையில் பிங்கோவைத் தனியாக அடைத்தார். நீளக் கரண்டியால் சோறு வைத்தார். தினம் காலை ஏழு மணிக்கு ரமா வருவாள். பேசமாட்டாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நாய் தண்ணீர் குடிப்பதை மட்டும் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய்ப் பிள்ளையை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். ரமா வருகிற நேரத்துக்கு நாய்க்குத் தாகமாக இருக்க வேண்டும் என்று லீலா அக்கா ஐந்து மணிக்கே தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுவார்.

அடைத்துவைத்த நாலாம் நாள் பிங்கோ சோற்றைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்துவிட்டு விலகிப் போனது. கடைவாயிலிருந்து எச்சில் நூல் போல இறங்கியது. கம்பிக்கு இந்தப் பக்கம் ரமா நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி குடிக்கலயே" என்றாள். ஐந்து நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நிமிடத்தில் தனக்கு ஜெபமே வரவில்லை என்றார் லீலா அக்கா. "வாயைத் திறந்தேன். ஆண்டவரே, ஆண்டவரேன்னு ரெண்டு தடவை. அதுக்கு மேல சொல்லு வரல." ரமாவை அங்கேயே விட்டுவிட்டு, சைக்கிள் ரிப்பேர் கடையிலிருந்து போன் செய்து டாக்டர் பெண்ட்சேயைக் கூப்பிட்டார்.

டாக்டர் கம்பிக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் நாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எச்சில், சாப்பாடு மறுப்பது, தண்ணீர் இறங்காதது எல்லாம் வெறி நோய்க்கும் பொருந்தும். ஆனால் பிங்கோ அடிக்கடி முன்னங்காலால் வாயின் இடது பக்கத்தைப் பிறாண்டியது. இவர்களுடைய குரல் கேட்டால் வாலை ஆட்டியது.

"வாய்க்குள்ள ஏதாவது மாட்டியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நீங்க கையை விட்டுராதீங்க. இது எலும்புன்னு நினைச்சு கையை விட்டவங்க செத்திருக்காங்க" என்றார்.

"அப்ப என்ன பண்ண?"

"நான் தடுப்பூசி போட்டவன். நான் பாக்குறேன்."

நீளக் கம்பில் ஊசியைக் கட்டி மயக்க மருந்து செலுத்தினார். நாய் சாய்ந்ததும் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். லீலா அக்கா வெளியே இருந்து டார்ச் அடித்தார். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. ரமா எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் நின்றது.

மேல் கடைவாய்ப் பற்களுக்குக் குறுக்கே விரல் நீளத்தில் ஓர் எலும்புச் சில்லு. சுற்றிலும் ஈறு வீங்கிப் பழுத்திருந்தது. டாக்டர் குறட்டால் அதைப் பிடுங்கி எடுத்துத் தட்டில் போட்டார்.

"இங்க வரும்போதே இருந்திருக்கும். பிஸ்கட் வாய்ல பட்டதும் வலியில கடிச்சிருக்கு. ஆனாலும் பத்து நாள் முடியட்டும். அதுவரைக்கும் எதையும் முடிவா சொல்லமாட்டேன்" என்றார்.

சாயங்காலம் மயக்கம் தெளிந்து எழுந்த பிங்கோ, தள்ளாடிக்கொண்டே போய்ச் சட்டித் தண்ணீரை முழுக்கக் குடித்தது. சட்டியை நக்கியது. இன்னொரு சட்டி வைத்தார்கள், அதையும் குடித்தது. ரமா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக, "குடிக்குது அக்கா, குடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மீதி ஐந்து நாளும் ரமா வந்தாள். இப்போது பேசினாள். பதினோராம் நாள் காலை மாடசாமியும் வந்தார். பிங்கோ பந்தைத் துரத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "பிள்ளைக்கு இனி ஊசி வேண்டாம்னு சொல்லிட்டாங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். ரமா ஒரு தட்டில் உடைத்த தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்தாள்.

"தினமும் பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டேன் அக்கா. காவ்யாவுக்குக்கூட இல்ல. உங்க நாய்க்கு. அது பொழைச்சாத்தானே இவ பொழைப்பா."

கோயிலில் படைத்த பண்டத்தைச் சாப்பிடுகிற வழக்கம் லீலா அக்காவின் வீட்டில் இல்லை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தாராம். தானும் அந்தப் பத்து நாளும் அதே நாய்க்காகத்தானே கெஞ்சிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. ஒரு சில்லை எடுத்து ரமா முன்னாலேயே கடித்தார். இந்தச் செய்தி மூப்பர் காதுக்கும் போனது. அவர் கேட்டபோது, "ஆமா தின்னேன், இனிப்பா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஜெபத்தில் நாய்களின் பெயர் வரும்போது குரல் தணிவது நின்றுவிட்டது.

காவ்யா இப்போது சாகணில் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினியர். கையில் தழும்பு இருக்கிறது. நாய்களை அவளுக்கு இன்னமும் பிடிக்காது. லீலா அக்காவைப் பார்க்க வந்தால் வாசலில் ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள்.

பிங்கோவின் வீட்டார் திரும்பி வந்து பெட்டியைத் திறந்து சீட்டைக் காட்டினார்கள். தடுப்பூசி போட்டு மூன்று வருடமாகியிருந்தது. மறுநாளே லீலா அக்கா வேறொரு பெயின்டரை அழைத்து, ஊசிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதவைத்தார். ஒரு ஏர் கமோடரின் மனைவியைக்கூட அந்த போர்டைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இஸ்மாயில் வந்து சேர்ந்தது 1996இல். ஆம்பூர்க்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர். நாயை ஏற்றுகிற ஆட்டோ புனே முழுக்கத் தேடினாலும் கிடைக்காத காலம். இஸ்மாயில் ஏற்றுவார். சீட்டில் விரிக்க ஒரு தார்ப்பாய், பின்னால் ஒரு கேன் தண்ணீர். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் தார்ப்பாயைக் கழுவி, கையைக் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் தொழுகைக்குப் போவார். "சிரமமா இல்லையா?" என்று லீலா அக்கா ஒருமுறை கேட்டார். "தண்ணி எதுக்கு இருக்கு அக்கா?" என்றார் இஸ்மாயில். இரண்டு பேரும் முப்பது வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

பாணேர் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் வந்தன. விமானத்தில் அடிக்கடி பறக்கிறவர்கள் வந்தார்கள். ஏர்போர்ட் பக்கத்திலேயே நாயை விட்டுவிட்டுப் போக வசதியாக இருந்தது. பின் முற்றத்தில் பன்னிரண்டு அறைகள் கட்டினார். பூனைகளுக்குத் தனி மாடி. மகள் சுஷ்மா படித்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆகி பாணேரில் குடியேறினாள். பள்ளிக்கூடத்தில் 'நாய்க்காரி மகள்' என்று கூப்பிட்டதை அவள் மறக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வந்தால் புடவையில் முடி ஒட்டும் என்று நின்றுகொண்டே பேசுவாள். அது லீலா அக்காவுக்குத் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

2020 செப்டம்பரில் புனே முழுக்கக் கொரோனா. ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. ஒரு காலையில் கட்கியிலிருந்து பாமா என்கிற பெண் போன் செய்தார். மாடி வீட்டில் சுப்பையா என்று எழுபத்தொன்பது வயதுப் பெரியவர், ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை, மகன் பெங்களூரில். மூச்சுத் திணறுகிறது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. நாயை விட்டு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். நோய் ஒட்டிவிடும் என்று நாயைத் தொட யாரும் தயாரில்லை.

"போனை ஜன்னல் வழியா அவர்கிட்ட குடும்மா" என்றார் லீலா அக்கா.

"யாரு?" என்றது ஓர் இளைத்த குரல்.

"அண்ணாச்சி, நான் லீலா. நாய் பாக்குறவ. லோஹேகாவுல இருந்து வாறேன். நீங்க கதவைத் திறந்து வச்சுட்டு வண்டியில ஏறுங்க."

"நீ வாறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்டோ சத்தம் கேக்குதா? கிளம்பியாச்சு." இஸ்மாயில் அதற்குள் ஆட்டோவை ஸ்டார்ட் செய்திருந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டே, "நாய் பேரு செவலை. வாழைப்பழம் தோலோடதான் தின்னும். உரிச்சுக் குடுத்தா தின்னாது" என்றார் சுப்பையா. கதவு திறந்தது.

தடுப்புக் கம்பத்தில் போலீஸ்காரர் வண்டியை மறித்தார். லீலா அக்கா முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்கி மராத்தியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். எழுபத்திரண்டு வயதில் நாய்க்காகவா என்பதுபோல் பார்த்தவர், கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

செவலை ஒரு சாதாரண நாட்டு நாய், செங்கல் நிறம். பெத்தேலுக்கு வந்து நாலு நாள் எதையும் தொடவில்லை. வாழைப்பழத்தைத் தோலோடு வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் லீலா அக்கா ஆஸ்பத்திரி வார்டுக்கு போன் செய்து, ஒரு மலையாளி நர்ஸைப் பிடித்துக் கெஞ்சினார். நர்ஸ் போனை சுப்பையா வாயருகே பிடித்தார். இந்தப் பக்கம் லீலா அக்கா ஸ்பீக்கரைப் போட்டு செவலையின் காதருகே வைத்தார்.

ஆக்சிஜன் இரைச்சலுக்கு நடுவே, "லே செவலை... தின்னுலே" என்று கேட்டது.

செவலை எழுந்தது. போனைச் சுற்றி வந்து அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்த்தது. போனை நக்கியது. பிறகு பாதிப் பழத்தைத் தின்றது. அதற்குப் பிறகு தினம் பதினொரு மணிக்கு நர்ஸே கூப்பிட ஆரம்பித்தார்.

ஒன்பதாம் நாள் அவரை ஐ.சி.யூவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போன் கிடையாது. ஐந்து நாள் ஒரு தகவலும் இல்லை. "நான் அந்த மனுஷனைக் கண்ணால பாத்ததுகூடக் கிடையாது. ஆனா யாருக்கும் அப்படி ஜெபிச்சதில்ல. அவரு வரலைன்னா இதுகிட்ட என்ன சொல்லுவேன்?" என்றார் லீலா அக்கா. ஆறாம் நாள் பதினொரு மணிக்கு போன் அடித்தது. நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மே, தாத்தா கண் முழிச்சு. தோலோட பழம் கொடுக்குறீங்களான்னு கேக்குன்னு." லீலா அக்கா போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். இஸ்மாயில் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்.

இருபத்தாறாம் நாள் சுப்பையா ஆட்டோவில் வந்து இறங்கினார், பாதியாக இளைத்து. செவலை பாய்ந்து ஓடவில்லை. மெல்லப் போய் செருப்பை மோந்தது, கையை மோந்தது, பிறகு அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. சுப்பையா குனிய முடியாமல் நின்றபடியே, "என்னலே இப்படி ஊதிட்டே?" என்றார்.

போன நவம்பரில் சுஷ்மா வந்து, வழக்கத்துக்கு மாறாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஊரையே லீவுக்கு அனுப்புறே. நீ எங்கம்மா போயிருக்கே?" என்று கேட்டாள். நாலு நாள் கொங்கண் கடற்கரையில் தாபோளிக்குப் போக டிக்கெட், அறை எல்லாம் போட்டுவிட்டிருந்தாள். பெத்தேலை இஸ்மாயிலும், செவலையோடு அடிக்கடி அங்கே வந்து தங்குகிற சுப்பையாவும் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. லீலா அக்கா பதினோரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். முதல் நாள் ஏழு முறை போன் செய்தார். இரண்டாம் நாள் நாலு முறை.

மூன்றாம் நாள் காலை கடலோரம் நடக்கும்போது சுஷ்மா, "நாங்க லோஹேகாவுக்கே வந்துரலாம்னு இருக்கோம்மா. எனக்கு வீட்டுல இருந்தே வேலைதான். உனக்குப் பிறகும் நடக்கணும்ல" என்றாள். லீலா அக்கா அலையில் காலை நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாராம். தனக்குப் பிறகு இந்த நாய்கள் என்ன ஆகும் என்று பத்து வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது என்றார். மத்தியானம் வயிறாரச் சுரமை மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், கண் விழித்தபோது ஐந்து மணி. போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன ஆச்சு? காலைல இருந்து போனே இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" இஸ்மாயில் பதறினார்.

"ஒண்ணும் இல்ல இஸ்மாயில்" என்றார் லீலா அக்கா, கொட்டாவி விட்டுக்கொண்டே. "மறந்தே போயிட்டேன்."